இசிஜி தாளின் மூலையில் அச்சாகும் அந்த ஒரு வரி

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்த கையோடு இசிஜியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் இப்போது நிறைய. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "டாக்டர், ஆர்பிபிபின்னு போட்டிருக்கு. ஹார்ட்ல பிளாக்காம். ஆஞ்சியோ பண்ணணுமா?" இன்னொரு வகையினர் எதுவும் அனுப்புவதே இல்லை. வயது எழுபதைத் தாண்டியிருக்கும், குளியலறையில் ஓரிரு முறை மயங்கி விழுந்திருப்பார்கள். தாளில் 'சைனஸ் பிராடிகார்டியா' என்று சாதுவாக ஒரு வரி. நாடி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, வயதானால் அப்படித்தான் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆர்பிபிபி, அதாவது இதயத்தின் மின்பாதையில் வலது கிளைத் தடை, போட்டிருக்கும் முதல் ஆளுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையிருக்காது. அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டியவர் இரண்டாமவர்தான்.

அந்த வரியை எழுதுவது இயந்திரம். அலைகளின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, தன்னிடம் உள்ள விதிகளோடு ஒப்பிட்டு அச்சடிக்கும். அளப்பதில் கெட்டிதான். ஆனால் எதிரே படுத்திருப்பவர் மயங்கி விழுந்தாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், பிபி எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அந்த வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை மட்டும் நம்பி நிம்மதியாகவும் இருக்க வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாரடைப்பு தருகிற பிளாக், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிவதால் வருவது. ஸ்டென்ட் வைப்பது அதற்குத்தான். இசிஜியில் அச்சாகும் பிளாக், இதயத்துக்குள் மின்தூண்டல் போகும் பாதையில் ஏற்படும் தாமதம் அல்லது தடை. குழாய் சுத்தமாக இருப்பவருக்கும் இது வரும். குழாயில் 90 சதவீதம் அடைப்பு இருப்பவரின் இசிஜி, நெஞ்சுவலி இல்லாத நேரத்தில், முற்றிலும் இயல்பாக இருக்கவும் கூடும்.

அந்தத் தூண்டல் வலது மேலறையின் உச்சியில் உள்ள எஸ்ஏ கணுவில் பிறக்கிறது. மேலறைகளில் பரவும்போது தாளில் பி அலை. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணுவில் கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை என்ற மின்பாதை வழியாக இறங்கி, வலது இடது என இரண்டு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளுக்குப் போகிறது. அது க்யூஆர்எஸ்; அதில் மேலே எழும் முனை ஆர், அதற்குப் பின் கீழே இறங்குவது எஸ். தசை பழைய நிலைக்குத் திரும்புவது டி அலை. இந்த எழுத்துகளைச் சூட்டியவர் இசிஜியை உருவாக்கிய ஐன்தோவன். அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது, எனவே ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட். நாடித் துடிப்பைத் தெரிந்துகொள்ள, பக்கத்துப் பக்கத்து இரண்டு க்யூஆர்எஸ்ஸுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் போதும்.

பி தொடங்குவதிலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் வரை ஒரு பெரிய கட்டத்துக்கு மேல் ஆனால் அது முதல் நிலை ஏவி பிளாக். எல்லாத் தூண்டலும் கீழே போய்ச் சேர்கிறது, தாமதமாக. தொந்தரவு இல்லாதவருக்குச் சாப்பிடும் மாத்திரைகளைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வேலை பெரும்பாலும் இல்லை. மூன்றாம் நிலையில், அதாவது முழு பிளாக்கில், மேலறையும் கீழறையும் தனித்தனித் தாளத்தில் துடிக்கும். மேலே 80, கீழே 35 என்று இருக்கும்.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டாம் நிலையில் சில தூண்டல்கள் போகும், சில போகாது. அதில் ஒரு வகையில் தாமதம் துடிப்புக்குத் துடிப்பு நீண்டுகொண்டே போய், கடைசியில் ஒரு துடிப்பு விழாது. இதை டச்சு மருத்துவர் வெங்கெபாக் இசிஜி இயந்திரம் வருவதற்கு முன்பே, 1899இல், நாடித் துடிப்பின் பதிவை வைத்தே கண்டுபிடித்தார். இன்றைக்கும் யோசித்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தூக்கத்தில் இளைஞர்களுக்கும், நன்றாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கும் இது வரும், பயமில்லை. இன்னொரு வகையில் தாமதம் மாறாமல் இருந்து, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு துடிப்பு காணாமல் போகும். பழுது ஏவி கணுவுக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இது எந்த நேரமும் முழு பிளாக்காக மாறலாம்.

இயந்திரம் அடிக்கடி ஏமாறுவது இரண்டுக்கு ஒன்று பிளாக்கில். மேலே இரண்டு துடித்தால் கீழே ஒன்று. கீழே போகாத பி அலை, முந்தைய துடிப்பின் டி அலைக்குள் புதைந்துவிடும். இயந்திரம் பாதிப் பி அலைகளை மட்டும் எண்ணி, 'சைனஸ் பிராடிகார்டியா, 38' என்று அச்சடிக்கும். இசிஜி எடுக்கும் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் நான் சொல்வது இதுதான்: நாடி 40க்குக் கீழே இருந்தால் மேலே எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள், டி அலையைப் பாருங்கள். அதில் மேடோ கீறலோ தெரிந்தால், வி1 லீடை நீளமாக ஒரு பட்டை எடுங்கள். (உடம்பில் ஒட்டும் கம்பிகள் வழியாகக் கிடைக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு லீடு; வி1 முதல் வி6 வரை மார்பில் ஒட்டுபவை.)

வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது மயக்கத்தின் தன்மையை. முழு பிளாக்கில் வரும் மயக்கம் சொல்லாமல் வரும். பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே சரிவார், முகம் வெளுக்கும், மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் சில நொடி வெட்டி இழுக்கும். துடிப்பு திரும்பியதும் முகம் சிவந்து, அரை நிமிடத்தில் எழுந்து "என்னாச்சு?" என்று கேட்பார். கை கால் இழுத்ததைப் பார்த்தவர்கள் வலிப்பு என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை ஓடும். வலிப்புக்குப் பிறகு பொதுவாக வெகுநேரம் குழப்பமும் தூக்கமும் இருக்கும், இதில் தெளிவு சட்டென்று வந்துவிடும். வயதானவருக்கு முதல் தடவை 'வலிப்பு' வந்தால், மூளை ஸ்கேன் எடுக்கும் அதே நாளில் இசிஜியும் எடுத்தாக வேண்டும். அதில் தெரியவில்லை என்றால் 24 மணி நேர ஹோல்டர், அதாவது நாள் முழுக்க உடம்பில் மாட்டியிருக்கும் இசிஜி பதிவுக் கருவி.

முழு பிளாக் என்றதும் பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவி) என்று ஓடுவதற்கு முன் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், டில்டியாசெம், வெரபாமில், டிகாக்ஸின் எல்லாமே ஏவி கணுவை மந்தமாக்கும். இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிக்கொடுத்து, இரண்டு சேர்ந்துபோவது ரொம்ப சகஜம். கண் நீரழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதே இல்லை. அதுவும் பீட்டா பிளாக்கர்தான், கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலக்கும்.

சிறுநீரகம் பழுதானவர் என்றால் பொட்டாசியம். அது ஏறினால் டி அலை கூம்பாக நிமிரும், பி அலை தட்டையாகி மறையும், க்யூஆர்எஸ் அகலமாகும், நாடி இறங்கும். கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ், தேவைப்பட்டால் டயாலிசிஸ். பல நேரம் சில மணி நேரத்தில் இசிஜி பழையபடி ஆகிவிடும், பேஸ்மேக்கரே வேண்டாம். வெயில் காலத்தில் உடம்புச் சூட்டுக்கு என்று அவருக்கு அன்போடு இளநீர் கொடுத்திருப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிக்கு அது நல்லதல்ல.

தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் வேலை செய்கிற டாக்டர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று மஞ்சள் அரளி. அதன் நஞ்சு டிகாக்ஸின் இனம். எல்லா நிலை பிளாக்கையும் அது உண்டாக்கும். அதைத் தின்றவர் வாந்தி எடுத்துத் தெளிந்துவிட்டார், பேசுகிறார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. நன்றாக இருப்பவருக்குப் பல மணி நேரம் கழித்தும் துடிப்பு நின்றுபோகலாம். இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

நெஞ்சுவலியோடு பிளாக் வந்தால் அது மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டுதான் நகர வேண்டும். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் அடைப்பில் தோன்றும் பிளாக் பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகும். ஏவி கணுவுக்கு ரத்தம் தருவது அநேகருக்கு வலது குழாய், அதனால் வரும் தற்காலிகச் சுணக்கம் இது. முன்பகுதி அடைப்பில் பிளாக் வந்தால் நிறைய தசை செத்திருக்கிறது என்று பொருள்.

சரி, ஆர்பிபிபிக்கு வருவோம். வலது கிளையில் தடை. க்யூஆர்எஸ் மூன்று சின்னக் கட்டத்தைத் தொட்டு அகலும், வி1இல் முயல் காது போல இரண்டு முனை, வி6இலும் முதல் லீடிலும் கடைசியில் அகலமான எஸ். மற்றபடி ஆரோக்கியமானவர்களுக்கும் இது இருக்கும், வயது கூடக் கூட அதிகம் காணலாம். தொந்தரவு இல்லை, பரிசோதனை இயல்பு என்றால் அதோடு முடிந்தது. இரண்டு இடத்தில் மட்டும் நான் கூடுதலாகப் பார்ப்பேன். இளம் வயதில் அரைகுறை ஆர்பிபிபியோடு மூச்சிரைப்போ இதயத்தில் முணுமுணுப்போ இருந்தால், மேலறைச் சுவரில் பிறவி ஓட்டை இருக்கிறதா என்று எக்கோ (இதய ஸ்கேன்). ஆர்பிபிபியோடு இடது கிளையின் ஒரு பிரிவும் பழுதாகி, இதயத்தின் மின் அச்சு, அதாவது மின்தூண்டல் போகும் மொத்தத் திசை, இடப்பக்கம் சாய்ந்திருப்பவர் மயங்கி விழுந்தால், அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மீதமிருக்கும் ஒற்றைப் பிரிவும் அவ்வப்போது நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இடது கிளை பிளாக், அதாவது எல்பிபிபி, வேறு விஷயம். வி6இல் அகலமான, உச்சியில் பிளந்த ஆர், வி1இல் ஆழமான எஸ். பழைய பிபி, இதயத் தசை பலவீனம், முன்னால் வந்த மாரடைப்பு என்று ஏதாவது ஒன்று அடியில் இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே எக்கோ கட்டாயம். தேரின் இரண்டு வடத்தில் ஒருபக்கத்தார் தாமதமாக இழுத்தால் தேர் கோணலாக நகருமே, அதேபோல இடது கீழறையின் ஒரு சுவர் சுருங்கி முடித்த பிறகுதான் எதிர்ச்சுவர் சுருங்கத் தொடங்கும். ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் அந்த ஒத்திசைவைத் திருப்பித் தரத்தான் இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் சிறப்பு பேஸ்மேக்கர் இருக்கிறது. எல்பிபிபி இருந்தால் மாரடைப்பின் அடையாளங்களையும் அது மறைத்துவிடும், தசைத் தடிப்பையும் மறைத்துவிடும்.

தடிப்பு என்றதும், "டாக்டர், ஹார்ட் வீங்கியிருக்காம்" என்று எல்விஎச், அதாவது இடது கீழறைத் தசைத் தடிப்பு, என்று அச்சான தாளோடு வருகிறவர்கள் உண்டு. இசிஜி இதயத்தின் அளவை நேரடியாக அளப்பதில்லை, மின்னழுத்தத்தை அளக்கிறது. தசை தடித்தால் அழுத்தம் கூடும் என்பது ஊகம். வி1 எஸ்ஸின் ஆழத்தையும் வி5 அல்லது வி6 ஆரின் உயரத்தையும் கூட்டினால் 35 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்பது 1949இல் சோகோலோ, லயன் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த அளவு. மெலிந்த உடம்புள்ள இருபது வயதுப் பையனுக்கு இதயத்துக்கும் லீடுக்கும் நடுவே சதையே இல்லை, 40 வரும், எக்கோவில் ஒன்றும் இருக்காது. உடல் பருமனான அம்மாவுக்குப் பதினைந்து வருட பிபியில் சுவர் தடித்துப் போயிருக்கும், தாளில் 22தான் வரும். 'எல்விஎச் இல்லை' என்று இசிஜி சொன்னதால் பிபி இதயத்தைத் தொடவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிப்பேன். உயரத்தோடு வி5, வி6இல் எஸ்டி (க்யூஆர்எஸ்ஸுக்கும் டிக்கும் இடைப்பட்ட பகுதி) சரிந்து டி தலைகீழானால் அது வெறும் ஒல்லி உடம்பின் விளையாட்டில்லை. பிபியைப் பாருங்கள், மகாதமனி வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கபடியோ ஓட்டமோ ஆடும் பிள்ளைக்கு ஆழமான தலைகீழ் டி அலைகள் இருந்து, வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், எக்கோ பார்க்கும் வரை மைதானம் வேண்டாம். பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு நோயாக இருக்கலாம்.

மேலறைகளுக்குப் பார்க்க வேண்டியது இரண்டாம் லீடின் பி அலை. இரண்டரை சின்னக் கட்டத்துக்கு மேல் உயர்ந்தால் வலது மேலறைப் பெருக்கம். வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையை இழுத்த பாட்டிகளிடமும் பீடி பிடித்தவர்களிடமும் பார்க்கலாம். நுரையீரல் கெட்டு வலப்பக்க அழுத்தம் ஏறியிருக்கும், வி1இல் ஆர் நிமிர்ந்து அச்சும் வலப்பக்கம் திரும்பியிருக்கும். பி அகன்று நடுவில் பள்ளம் விழுந்தால் இடது மேலறைப் பெருக்கம். சிறுவயதில் வந்த முடக்குக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கியிருக்கலாம். கர்ப்பத்தில் ஐந்தாறு மாதத்தில் மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணிடம், ரத்தசோகை என்று முடித்துவிடாமல் இந்த ஒரு அலையை உற்றுப் பாருங்கள்.

இத்தனையும் லீடு சரியான இடத்தில் ஒட்டியிருந்தால்தான். வி1, வி2 நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவது இடைவெளியில் ஒட்டினால் இல்லாத ஆர்பிபிபி வரும், இல்லாத இடது மேலறைப் பெருக்கமும் வரும். கை லீடுகள் மாறினால் முதல் லீடு முழுக்கத் தலைகீழ். உயரம் பாதியாகத் தெரிந்தால், தாளின் ஓரத்தில் உள்ள அளவுக் குறி 10 மில்லிமீட்டர்தானா என்று பாருங்கள், யாரோ பாதி அளவில் வைத்திருப்பார்கள்.

எல்பிபிபி புதியதா பழையதா, பிஆர் (பி தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும் வரையான நேரம்) நீண்டுகொண்டு வருகிறதா என்பதைச் சொல்ல எனக்கு உங்கள் பழைய இசிஜி வேண்டும். பலர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான இசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை. லேமினேட் சூட்டில் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் சில வருடத்தில் மங்கிவிடும். எடுத்த அன்றே வெளிச்சத்தில் வைத்து, கட்டங்கள் தெரியும்படி நேராகப் படம் பிடித்து, தேதியோடு போனில் சேமித்து வையுங்கள். அன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.