‘இரட்சிப்பு’க்கு ‘மீட்பு’ ஈடாகாது

சென்ற மாதம் ஓர் அடக்க ஆராதனையில் செய்தி கொடுத்த இளம் போதகர், "இரட்சிப்பு வடசொல், அதற்குத் தூய தமிழ் மீட்பு" என்று தொடங்கி, அன்றைய வேதபாடத்தில் இரட்சிப்பு என்று வந்த இடங்களையெல்லாம் மீட்பு என்றே மாற்றி வாசித்தார். இந்த விளக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பல மேடைகளில் கேட்டுவருகிறேன். அதற்கு முந்திய வாரம் கையில் கிடைத்த கைப்பிரதி ஒன்றோ இன்னும் ஒரு படி தாண்டி, "இரட்சிப்பு, அதாவது நிலையான சந்தோஷம்" என்று எழுதியிருந்தது. வழிபாட்டில் நல்ல தமிழ் வழங்கவேண்டும் என்பதில் அந்தப் போதகருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. ஒரு வடசொல்லை நீக்குகிறோம் என்ற பெயரில் வேதாகமம் கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

காத்தல் என்று பொருள்படும் ‘ரக்ஷ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது இரட்சி என்னும் வினை. ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாததால் இகரம் முன்னே சேர்ந்தது. க்ஷ, ட்ச ஆயிற்று. ‘ப்பு’ என்ற ஈறு தமிழுக்கே உரியது. சொல்லின் பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேரான பெயர்ச்சொல் சோத்தேரியா, வினைச்சொல் சோட்சோ. ஆபத்திலிருந்து தப்புவித்தல், நோயிலிருந்து நலமாக்குதல், அழியாமல் பிழைக்கச் செய்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரே வினைக்குள் அடங்கும். கடலில் அமிழத் தொடங்கிய பேதுரு, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டபோது வந்ததும், பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணிடம், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொன்னபோது வந்ததும் அதே வினைதான். பவுல் ஏறிய கப்பல் புயலில் சிக்கி, "இனித் தப்பிப்பிழைப்போமென்னும் நம்பிக்கை" அற்றுப்போன இடத்திலும் அதுவே நிற்கிறது.

மீட்பு என்பதற்கு மூலத்தில் வேறு சொல் இருக்கிறது. லூத்ரோன் என்பது அடிமையையோ சிறைப்பட்டவரையோ விடுவிக்கக் கொடுக்கும் விலை. அதிலிருந்து பிறந்தது அப்போலூத்ரோசிஸ். 1871இல் ஹென்றி போவரின் தலைமையில் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை அறிந்தே காத்தது. "கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு" என்று ரோமருக்கு எழுதிய நிருபத்திலும், "பாவமன்னிப்பாகிய மீட்பு" என்று எபேசியருக்கு எழுதியதிலும் மீட்பு என்ற தமிழ்ச்சொல்லையே அது ஆண்டிருக்கிறது. மீட்பு என்ற சொல் தெரியாததால் மற்ற இடங்களில் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் இரட்சிப்பு என்று எழுதவில்லை. விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல் பேசப்படும் இடத்துக்கென்று அதை ஒதுக்கி வைத்தார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பு பல இடங்களில் தெளிவும் அழகும் உடையது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயக்காரனாகிய சகேயுவின் வீட்டுக்கு வந்ததாக இயேசு சொன்ன சோத்தேரியாவும் அதில் மீட்பு, கிறிஸ்துவின் இரத்தத்தால் கிடைத்த அப்போலூத்ரோசிஸும் மீட்பு. மூலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லாமல் போகிறது.

மீட்டல் தமிழில் எதைக் குறித்தது என்று பார்ப்போம். மீள் என்பதன் பிறவினை அது. திரும்பி வருதல் மீளல், திரும்ப வரச்செய்தல் மீட்டல். பகைவர் கவர்ந்த ஆநிரையைத் திரும்பக் கொண்டுவருவது கரந்தைத் திணை. அடகு வைத்த நகையை இன்றும் மீட்கிறோம். முன்பு நம்மிடம் இருந்து கைமாறிப்போன ஒன்று மீண்டும் கைக்கு வருவதே அதன் கரு. இக்காலத்தில் வெள்ளத்தில் சிக்கியவர்களையும் மீட்கிறார்களே, மீட்புப் பணி என்று அரசுத் துறைக்கே பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதே நாளிதழ்தான் கிணற்றில் விழுந்தவரின் சடலம் மீட்கப்பட்டது என்றும் எழுதுகிறது. வெளியே கொண்டுவந்ததை மட்டுமே அந்தச் சொல் சொல்லும். உயிர் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சோத்தேரியாவின் உள்ளீடோ உயிர்தான். "அவருடைய ஜீவனாலே இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே" என்று பவுல் எழுதுவதில் மீட்பைப் பொருத்தினால் வாக்கியத்தின் நாடியே நின்றுவிடும்.

தமிழ்ச்சொல் வேண்டும் என்றால் இருக்கிறது: உய்வு. "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்" என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், உய்வு என்பதைப் ‘பாவத்தின் நீங்கும் வாயில்’ என்று விளக்குகிறார். "தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்" என்ற மத்தேயுவின் வரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. இன்னொரு குறளில் வரும் ‘உய்வில் நோய்’ தீர்வில்லாத நோய். பாவத்திலிருந்து நீங்குதல், நோயிலிருந்து தேறுதல், ஆபத்திலிருந்து தப்பிப் பிழைத்தல் என்று சோட்சோ எங்கெல்லாம் செல்கிறதோ அங்கெல்லாம் உய்தலும் செல்கிறது. உய்வு, உய்வித்தல், உய்விப்பவர் என்று வேண்டிய வடிவங்களும் தடையின்றி அமைகின்றன.

இது சைவ வைணவ அடியார்களின் சொல்லாயிற்றே என்று தயங்குவோர் உண்டு. கிருபை, வேதம், ஆராதனை ஆகியவை மட்டும் எங்கிருந்து வந்தன? இரட்சகர் என்று பொருள்படும் சோத்தேர் என்ற கிரேக்கச் சொல்லே எகிப்தை ஆண்ட முதலாம் தாலமியின் பட்டப்பெயராக இருந்தது. அந்தப் பெயரை இயேசுவுக்குச் சூட்ட அப்போஸ்தலர் அஞ்சவில்லை. மொழிபெயர்ப்போர் அஞ்சவேண்டியது அகராதியைத் திறந்து வடசொல்லுக்கு நேரே இருக்கும் முதல் தமிழ்ச்சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கத்துக்குத்தான். வடசொல்லை மட்டும் பார்த்து மூலத்தைப் பாராமல் செய்யும் மாற்றம் மொழிபெயர்ப்பும் ஆகாது, தமிழ்த்தொண்டும் ஆகாது. உய்வை ஏற்க மனம் வராதவர்கள் இரட்சிப்பையே வைத்துக்கொள்ளட்டும். தலைமுறைகளாக விசுவாசிகள் ஜெபித்து ஜெபித்துப் பொருள் ஏற்றிய சொல் அது.

கைப்பிரதியின் ‘நிலையான சந்தோஷம்’ பற்றியும் சொல்லவேண்டும். தாவீது தன் பாவத்துக்காக மனம் வருந்திப் பாடிய சங்கீதம், "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று வேண்டுகிறது. இரட்சணியம் வேறு, அதன் சந்தோஷம் வேறு என்பதாலேயே அப்படி வேண்ட முடிகிறது. சந்தோஷம் குன்றலாம், கண்ணீர் வரலாம். இரட்சிப்பு தேவனுடைய செயலாகையால் நம் மனநிலையோடு ஏறி இறங்குவதில்லை. அன்று அந்த அடக்க ஆராதனையில் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த குடும்பத்தாரிடம் இரட்சிப்பு என்றால் சந்தோஷம் என்று யாராவது சொல்லியிருந்தால், தங்களுக்கு அது இல்லை என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள். ஏசாயாவோ, "நீங்கள் இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடே தண்ணீர் மொண்டுகொள்வீர்கள்" என்கிறார். மொள்ளும்போது வருவது மகிழ்ச்சி. ஊற்று அதற்கு முன்பே அங்கே சுரந்துகொண்டிருக்கிறது.