எடை ஒன்று, உலோகம் மூன்று: பழைய பிரிட்டிஷ் காசின் மதிப்பு

1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் காசுக் கணக்கு பத்தில் ஓடவில்லை. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, பவுண்டுக்கு 240 பென்னி. அந்தக் காலத்துக் காசு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இது என்ன விலை போகும்? அதற்கு முதலில் பார்க்க வேண்டியது காசில் பொறித்திருக்கும் ஆண்டு.

அரை கிரவுனை எடுத்துக்கொள்வோம். இரண்டரை ஷில்லிங் மதிப்பு, 14.14 கிராம் எடை. 1919 வரை அடித்ததில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 50 சதவீதம். 1947 முதல் பொட்டு வெள்ளிகூடக் கிடையாது. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். எடை மட்டும் அப்படியே இருந்தது. 1919-இலும் 1920-இலும் ஐந்தாம் ஜார்ஜின் அதே தலைதான்.

ஏன் இந்த மாற்றம்? 1816-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 டிராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கத்துக்கான எடை அளவு) கொண்ட ஒரு பவுண்டு எடை ஸ்டெர்லிங் வெள்ளியில், அதாவது 92.5 சதவீத வெள்ளியில், 66 ஷில்லிங் அடித்தார்கள். அதாவது ஓர் அவுன்ஸ் வெள்ளி, காசானால் 66 பென்னி. முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், 1920 பிப்ரவரியில் அவுன்ஸ் 89 பென்னியைத் தொட்டது. 66 பென்னிக் காசை உருக்கினால் 89 பென்னி வெள்ளி! காசு அடிக்க அடிக்க அரசுக்கு நஷ்டம். அதனால்தான் வெள்ளியைப் பாதியாக வெட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டிய நிலை வந்தபோது, மீதி வெள்ளியும் போனது.

சரி, ஆண்டு தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்றால்? தண்ணீர் சொல்லிவிடும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். முதலில் காசைச் சும்மா எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாக முக்குங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், அதுவே காசின் கன அளவு.

தேயாத அரை கிரவுன் ஸ்டெர்லிங் என்றால் தராசு 1.37 கிராமுக்குப் பக்கத்தில் காட்டும். பாதி வெள்ளி என்றால் 1.48, செம்பு-நிக்கல் என்றால் 1.58. வெள்ளி செம்பைவிட அடர்த்தியானது. அதனால் அதே எடைக்குக் குறைவான இடமே போதும். காசு தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. எடையைக் கன அளவால் வகுத்தால் 10.4, 9.5, 8.9 என்று மூன்றில் ஒன்றை ஒட்டி விடை வரும். ஷில்லிங், ஃப்ளோரின் (இரண்டு ஷில்லிங் காசு), ஆறு பென்னிக் காசு ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். நூலில் ஒட்டும் காற்றுக் குமிழியைத் தட்டிவிட மறக்காதீர்கள். அது ஒன்றே கணக்கைக் கெடுத்துவிடும்.

வெள்ளி விலை அடிமட்ட மதிப்புதான். அதற்கு மேல் விலை ஏறுவது அபூர்வத்தால். 1933-ஆம் ஆண்டுப் பென்னி வெறும் வெண்கலம், உலோகமாகப் பார்த்தால் ஒன்றும் பெறாது. ஆனால் அந்த ஆண்டு வங்கிகளில் பென்னி குவிந்து கிடந்ததால் புழக்கத்துக்கு அடிக்கவேயில்லை. கட்டடங்களின் அடிக்கல்லுக்குக் கீழே வைப்பது போன்ற தேவைகளுக்காக விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் அடித்தார்கள். லீட்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் அப்படி வைத்திருந்ததை 1970-இல் திருடர்கள் தோண்டி எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள். 1967 என்று பொறித்த பென்னியோ கோடிக்கணக்கில் வந்தது, யாரும் சீந்துவதில்லை.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அச்சு இறங்கும்போது உலோகம் ஓரத்தை நோக்கி வழிந்து, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. புதுக் காசின் பளபளப்பு அந்த வரிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. பற்பொடியோ புளியோ போட்டுத் தேய்த்தால் வரிகள் போய்விடும். பிறகு எந்த மெருகாலும் திரும்பி வராது. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு வெள்ளி சல்பைடு. அதைச் சுரண்டினால் கூடவே வெள்ளியும் போகும். சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்த உடனே கண்டுபிடித்து, விலையைக் குறைத்துவிடுவார்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.