குழாயை விட முந்தின இரவுதான் பாடு

ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைதான் கொலோனோஸ்கோபி. டாக்டர் அதைச் சீட்டில் எழுதியதுமே பலர் கேட்பது, "சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "துணியெல்லாம் கழட்டணுமா?" பலரைத் தேதி தள்ளிப்போட வைப்பது இரண்டாவது கேள்விதான் என்பது என் எண்ணம்.

பின்பக்கம் திறப்புள்ள கவுன் தருவோம். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். மேலே போர்வை இருக்கும். டாக்டரின் கண் திரையில்தான். பெண் செவிலியர் உடனிருக்க வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம்.

வலி? குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். குடலை விரிக்கக் காற்றோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்துவதால் வயிறு உப்பி இழுத்துப் பிடிக்கும். மயக்க ஊசி போட்டால் பலருக்கு அதுகூட நினைவிருக்காது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிறு பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை முளை) தென்பட்டால் அப்போதே எடுத்துவிடுவார்கள், எடுப்பது வலிக்காது.

உண்மையான பாடு பேதி மருந்துதான். குடல் சுத்தமாக இல்லையென்றால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். முந்தின நாள் ஆசையாகக் கொய்யாப்பழம் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த விதைகள் திரையில் அப்படியே தெரியும், குழாயின் உறிஞ்சும் துவாரத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று நாளைக்குக் கீரை, தக்காளி, மாதுளை, கேழ்வரகு எதுவும் வேண்டாம். இட்லி, தயிர்சாதம், ரசம் கரைத்த குழைந்த சோறு போதும். மருந்து குடிக்கும் நாளில் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ. ரோஸ் சர்பத் வேண்டாம். அந்தச் சிவப்பு ரத்தம் மாதிரி தெரியும்.

மருந்துத் தூளை பொதுவாக இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்வோம். உப்பும் வழவழப்புமாகக் குமட்டும். குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, மெதுவாகத் தொடருங்கள். ஒரே ராத்திரியில் முழுவதையும் குடிப்பதைவிட, பாதியை ராத்திரியும் மீதியை விடியற்காலையும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசி டம்ளர் எத்தனை மணிக்கு என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துத் தடவை போனபின் ஆசனவாய் எரியும். முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடைசியில் சிறுநீர் மாதிரி மஞ்சளாக, தெளிவாகப் போனால் நீங்கள் தயார்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சிலருக்குக் குழாயைவிட முடிவைப் பற்றித்தான் பயம். மயக்கம் தெளிகிற நேரத்தில் டாக்டர் சொல்வது பாதி மனதில் நிற்காது. உடன் வந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். திரும்பும்போது வண்டியையும் அவரே ஓட்டட்டும்.