பெரியப்பாவின் இரண்டு ‘ஓம்’

வாடைக் காலம். திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் ஏற்றிக் கிடந்தன. பெரியப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“உங்கட வாழ்க்கையில நடந்ததெல்லாம் நீங்கள் செய்ததால வந்ததுதானே, பெரியப்பா?”

“ஓம்.”

கொஞ்சம் பொறுத்து மறுபக்கமாகக் கேட்டேன். “எல்லாம் தலையெழுத்துப்படிதான் நடக்குது, என்ன?”

“ஓம், ஓம்.” ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நம் வாழ்க்கை எவ்வளவு தூரம் நம் கையில் இருப்பதாக உணர்கிறோம் என்பதை அளப்பதில் உள்ள பெரிய சிக்கலே இந்த இரண்டு ‘ஓம்’தான். 1966இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ரொட்டர் வெளியிட்ட அளவுகோலில் 29 சோடிக் கூற்றுகள் இருந்தன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். அப்படிக் கேட்டால் இரண்டுக்கும் ஓம் போட முடியாது. ஆனால் அதில் வேறொரு குறை. தன் கையில் இல்லாததெல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்துவிடும். எங்கள் கரையில் யாரும் வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்வதையும் காற்று மாறுவதையும் ஒன்றாக எண்ணுவதில்லை. சம்மாட்டியிடம் பேசிப் பார்க்கலாம், காற்றோடு பேச முடியுமா? 1970களில் உளவியலாளர் ஹன்னா லெவன்சன் இதைப் பிரித்தார்: என் முயற்சி, வலியவர்களின் பிடி, தற்செயல் என்று மூன்று தனிப் புள்ளிகள்.

சரி, ‘ஓம்’ பழக்கத்துக்கு என்ன வழி? சமூகவியலாளர்கள் ஜோன் மிரோவ்ஸ்கியும் கத்தரின் ரொஸ்ஸும் 1991இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நல்லது என்னால் நடந்தது, கெட்டது என்னால் நடந்தது, நல்லது அதிர்ஷ்டத்தால் வந்தது, கெட்டது என்னை மீறி வந்தது என்று நாலு வகையிலும் சம எண்ணிக்கையில் கூற்றுகள். ‘என்னால்’ என்பதற்கு ஓம் சொன்னால் புள்ளி கூடும், ‘என்னை மீறி’ என்பதற்கு ஓம் சொன்னால் குறையும். எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவருக்குக் கூட்டிக் கழித்தால் பூச்சியம். முதியவர்களிடமும் படிப்புக் குறைந்தவர்களிடமும் இப்படித் தலையாட்டும் பழக்கம் கூடுதல். அதைக் கழிக்காமல் வயதோடு ஒப்பிட்டால் வருவது வாழ்க்கைமேல் உள்ள பிடியின் கணக்கல்ல, மரியாதைக்குச் சொன்ன ஓமின் கணக்கு.

அமெரிக்காவில் நடுவயது வாழ்க்கை பற்றி 1995இல் தொடங்கிய மிடஸ் (MIDUS) ஆய்வு 25 முதல் 74 வயது வரையான 7000க்கு மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டது. ‘என்னால் முடியும்’ என்பதை ஒரு புள்ளியாகவும், ‘குறுக்கே தடைகள் நிற்கின்றன’ என்பதை இன்னொன்றாகவும் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்தே கூடலாம். வாழ்க்கையின் துறைகளைத் தனித்தனியாகக் கேட்டபோது, வயது கூடியவர்கள் தொழிலிலும் பணத்திலும் கூடுதல் பிடி இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் விசயத்தில் பிடி குறைவு என்றார்கள். பெரியப்பாவிடமும் அப்படிப் பிரித்துக் கேட்டேன். வலை? “அது என்ர கை.” கனடாவில் இருக்கும் மகன்? “அவன்ர விசயம் அவனுக்கு.” அப்போதுதான் ஓம் நின்று, விடை வந்தது.

இன்னொன்று. இன்றைய 65 வயதுக்காரரையும் 25 வயதுக்காரரையும் ஒரே நாளில் கேட்டு, ‘முதுமை இப்படித்தான்’ என்று முடிவு கட்டக்கூடாது. திருகோணமலையில் 65 வயதுக்காரர் இளமையில் பல வருடங்கள் போருக்குள் இருந்தவர், 2004இல் கடல் ஏறி வந்ததைக் கண்டவர். 25 வயதுக்காரர் அப்போது சின்னப் பிள்ளை. தெரியும் வித்தியாசம் வயதினதா, காலத்தினதா? அதைப் பிரிக்க வேண்டுமென்றால் அதே ஆட்களிடம் வருடங்கள் கழித்துத் திரும்பப் போக வேண்டும். மிடஸ் குழு அப்படித்தான் 2004 முதல் மறுபடி போனது.

வருடம்கூட வேண்டாம், வாரத்திலேயே மாறும். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியவர்களிடம் வாராவாரம் கேட்டார்கள். ஒரே ஆளின் விடை ஏறி இறங்கியது. அதிகம் ஏறி இறங்கியவர்களே பின்வந்த வருடங்களில் கூடுதலாக இறந்திருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கரையில் அளப்பவர் வாடையில் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடக்கூடாது. கடல் ஆறி வள்ளம் இறங்கியபின், சித்திரையிலும் வந்து அதே ஆளிடம் கேட்க வேண்டும்.