சோயாவை எடுத்துவிட்டுக் கடலைப் பிண்ணாக்கு போட்டால் எது குறையும்?

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் பலர் பார்க்கிற கணக்கு ஒன்றுதான்: புரதம் எத்தனை சதவீதம்? சோயா விலை ஏறியதும் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலைப் பிண்ணாக்கைச் சேர்க்கிறார்கள். இரண்டிலும் புரதம் ஏறக்குறைய 42 முதல் 46 சதவீதம் என்பதால் தாளில் கணக்கு சரியாகவே வரும். ஆனால் ஐந்தாறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் சில காடை அளவிலும் சில புறா அளவிலும் நிற்கும். இறக்கை முளைப்பது பிந்தும். ஒன்றை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்கும்.

கோழிக்குத் தேவை புரதம் என்ற மொத்தம் அல்ல, அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் சிறு கூறுகள். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின், அடுத்தது லைசின், அதற்கும் அடுத்தது திரியோனின். இவற்றில் ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தாலும் உடம்பு அவற்றைத் தசையாக்க முடியாது. மிஞ்சியது யூரிக் அமிலமாக எச்சத்தில் போய், கூளத்தை ஈரமாக்கி, கொட்டகையில் அம்மோனியா நெடியாக ஏறும். காசு கொடுத்து வாங்கிய புரதம்தான் அந்த நெடி.

8 வாரம் வரையிலான வளர்ப்பு நாட்டுக்கோழிக்கு 100 கிலோ தீவனம் கலப்பதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் 50 கிலோ, ராகி 10, சோயாப் பிண்ணாக்கு 26, தவிடு 6, கடலைப் பிண்ணாக்கு 4. மீதி 4 கிலோவில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), கிளிஞ்சல் தூள், 300 கிராம் உப்பு, தாது உப்பு, வைட்டமின் கலவை எல்லாம் அடங்கும். இதில் புரதம் 19 சதவீதம், லைசின் சுமார் 970 கிராம், மெத்தியோனின் சுமார் 300 கிராம் வரும். லைசின் 1 சதவீதமும் மெத்தியோனின் 0.42 சதவீதமும் இலக்கு என்றால், டிஎல்-மெத்தியோனின் 120 கிராமும் எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு 40 கிராமும் போட்டால் போதும். லைசினில் துண்டு விழுவது 30 கிராம்தானே, ஏன் 40 என்று கேட்கலாம். அந்த ஹைட்ரோகுளோரைடு பொடியில் லைசின் 78 சதவீதம்தான். பழுப்பு நிறக் குருணையாக வரும் லைசின் சல்பேட்டில் 55 சதவீதம் அளவுக்கே இருக்கும். மூட்டை விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே கலவையில் 10 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 10 கிலோ கடலைப் பிண்ணாக்கு போட்டுப் பாருங்கள். சோயாவில் லைசின் 2.8 சதவீதம், கடலையில் 1.5. ஆக 130 கிராம் லைசின் காணாமல் போகிறது. அதை ஈடுகட்ட இன்னும் 165 கிராம் லைசின் பொடி வேண்டும். மெத்தியோனினும் 17 கிராம் குறையும். மாற்றக்கூடாது என்பதில்லை. மாற்றினால் பொடியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையும் கொண்டுவரும். அதற்கு எந்தப் பொடியும் ஈடாகாது. ராகி நம் மண்ணின் தானியம், மெத்தியோனின் ஓரளவு நன்றாகவே உண்டு. ஆனால் லைசின் மக்காச்சோளத்தைவிட அதிகம் இல்லை. ராகியைக் கூட்டிச் சோயாவைக் குறைக்கும் யோசனை அதனால் எடுபடாது.

சோயாவையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. வறுபடாத சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் இருந்து செரிமானத்தைக் கெடுக்கும். கருகச் சிவந்திருந்தால் லைசின் சர்க்கரையோடு கட்டுண்டு, ஆய்வறிக்கையில் புரதமாக இருக்கும், குடலில் உதவாது.

கலப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 120 கிராமை 100 கிலோ மேல் தூவி மண்வெட்டியால் இரண்டு முறை புரட்டினால் ஒரு மூட்டைக்கு இரட்டிப்பு, அடுத்ததற்கு ஒன்றுமில்லை. முதலில் ஒரு கிலோ நைசான சோள மாவில் கலந்து, அதை 5 கிலோவில், பிறகு 20 கிலோவில் என்று விரித்து, கடைசியில் மொத்தத்தோடு சேர்க்க வேண்டும். எடைக்குச் சிறிய டிஜிட்டல் தராசு அவசியம், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மெத்தியோனின் கூடினால் கோழி தீனி எடுப்பதைக் குறைத்துவிடும். லைசின் பொடியோடு குளோரைடும் சேர்ந்தே வருகிறது. 200 கிராம் அளவுக்குப் போட்டால் உப்பில் ஒரு பங்கைக் குறைத்து, சோடியம் குறையாமல் சமையல் சோடாவால் ஈடுசெய்யுங்கள்.

தண்ணீரில் கலக்கும் 'அமினோ' டானிக்குகளை எடுத்துக்கொள்வோம். 100 கோழி நாளுக்கு 50 கிராம் வீதம் 5 கிலோ தின்றால், மேலே சொன்ன கணக்கில் 6 கிராம் மெத்தியோனின் சேர வேண்டும். டானிக்கில் 2 சதவீதம் இருப்பதாகவே கொண்டாலும் 10 மில்லியில் கிடைப்பது 0.2 கிராம். அடுத்தது மீன் அமிலம். மீனும் வெல்லமும் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பதற்கும் 'அமினோ அமிலம்' என்றுதான் பெயர் என்பதால், அதைக் கோழித் தண்ணீரில் ஊற்றுபவர்கள் உண்டு. அதில் லைசின் எத்தனை என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. அழுகிய மீனின் கிருமி மட்டும் தாராளமாக இருக்கலாம்.

காட்டில் மேய்ந்து கரையானும் பூச்சியும் பொறுக்கும் பத்து இருபது சிறுவிடை நாட்டுக்கோழிக்கு இந்தப் பொடிகள் பெரும்பாலும் தேவைப்படாது. ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணையில் வந்து இறங்கும் தீவனத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேலே எதையும் தூவ வேண்டாம். சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கம் கோழி தின்பது குறையும். அப்போது மொத்தப் புரதத்தை ஏற்றினால் உடம்புச் சூடுதான் கூடும். புரதத்தை அப்படியே விட்டு, இரண்டு பொடிகளையும் பத்தில் ஒரு பங்கு கூட்டி, தீனியை விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். குளிர்ச்சியான தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது பெரும்பாலும் வேண்டியிருக்காது.

சில்லறையாக வாங்கும் மெத்தியோனினை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் தெளிவாகக் கரைய வேண்டும். அடியில் வெள்ளையாகத் தங்கி, எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்புத் தூள். உப்பு கலந்திருந்தால் கரைந்துவிடும், ஏமாற்றும். அதனால் காற்றோட்டமான வெளியிடத்தில் பழைய எவர்சில்வர் கரண்டியில் ஒரு சிட்டிகை வைத்து எரியுங்கள். கந்தக நெடியோடு கருகி, கடைசியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சக்கூடாது. உப்பு படபடவென்று வெடித்துக் கரண்டியிலேயே தங்கும். பெரிய அளவில் வாங்குபவர்கள் நாலைந்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்த அரைக் கிலோ மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

குஞ்சுகள் ஏற்றத்தாழ்வாக வளர்ந்தாலே அமினோ குறைபாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எச்சத்தில் ரத்தம் இருந்தால் அது ரத்தக்கழிச்சல். குடற்புழு, முதல் வாரத்தில் புரூடர் (குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அமைப்பு) சூடு போதாமை, தீனித்தட்டு பற்றாமை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றைப் பார்த்து முடித்த பிறகே பொடிக் கணக்குக்கு வாருங்கள்.