இரண்டாவது பிளாஷை மாட்டுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர்

இந்த மாதமும் ஒன்று பெஞ்சுக்கு வந்துவிட்டது. தொண்ணூறுகளின் ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா. ஷட்டர் ஓடுகிறது, மீட்டர் சரியாகக் காட்டுகிறது, பிளாஷ் மட்டும் அடிக்காது. கூடவே ஒரு பையில் இரண்டு பழைய பிளாஷ், இரண்டையும் கேமராவோடு சேர்க்கும் ஒய் கார்டு. பையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்: பழைய பிளாஷின் வோல்டேஜ் கேமராவைப் பதம் பார்த்திருக்கிறது. கேமராவைத் திறப்பது சம்பிரதாயத்துக்குத்தான்.

கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: "நாலு பென்சில் செல்தானே சார், மொத்தமே 6 வோல்ட். அதுல என்ன ஆகிடும்?"

ஆகும். செல்லில் 6 வோல்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆன் செய்ததும் பிளாஷுக்குள் 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம் ஏறுகிறதே, அது எதற்கு? அந்த 6 வோல்ட்டை 300 வோல்ட் அளவுக்கு ஏற்றி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை நிரப்பும் சத்தம் அது. பழைய பிளாஷ் பலவற்றில் கேமராவைத் தொடும் முனைக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வோல்டேஜ் வருகிறது. அடியில் இருக்கும் அந்தச் சின்ன நடுப்புள்ளியில் 150, 200, சிலவற்றில் அதற்கும் மேல் நிற்கும். நீங்கள் போட்ட செல் எத்தனை வோல்ட் என்பது இங்கே கணக்கிலேயே வராது. மாடல் பெயரையும் நம்ப முடியாது. விவிட்டார் 283 என்ற பிளாஷில் ஆரம்பகால ஜப்பான் தயாரிப்புகள் 200ஐத் தாண்டும்; பின்னாளில் வந்தவை 10க்குள் நிற்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

"ஃபிலிம் கேமரா எதையும் தாங்கும்" என்பது அடுத்த நம்பிக்கை. பழைய மெக்கானிக்கல் கேமராவான பென்டாக்ஸ் கே1000 தாங்கும். அதில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்வதுதான் சுவிட்ச். போகப் போகத் தகடு கருகும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் கேமராவில் அந்த வேலையை ஒரு சின்ன பாகம் செய்கிறது. கேனான் தன் பல இ.ஓ.எஸ். கேமராக்களுக்குச் சொன்ன எல்லை 6 வோல்ட். பிளாஷ் இணைப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10330கூட 24 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. 200ஐக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தச் சின்ன பாகம் என்ன செய்யும், பாவம்.

இதில் ஒய் கார்டு வேறு. இரண்டு பிளாஷும் நேரடியாக இணைந்துவிடுவதால், அதிக வோல்ட் உள்ளதன் வோல்டேஜ் குறைந்த வோல்ட் உள்ளதற்குள்ளும் போகும். கேமரா தப்பித்தாலும் அந்தக் குறைந்த வோல்ட் பிளாஷ் போய்விடலாம். சில சமயம் ஒன்று மட்டும் அடிக்கும். உடனே கார்டைக் குறை சொல்லி இன்னொன்று வாங்கி வருகிறார்கள்.

முதலில் அளந்து பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 600 ரேஞ்சில் வையுங்கள். தாத்தா காலத்து முள் மீட்டர் வேண்டாம், குறைத்துக் காட்டி ஏமாற்றும். பிளாஷைக் கேமராவில் மாட்டாமல் ஆன் செய்து, ரெடி லைட் எரிந்த பிறகு சிவப்பு முனையை நடுப்புள்ளியிலும் கறுப்பை ஓரத்துத் தகட்டிலும் வையுங்கள். மைனஸ் காட்டினால் அந்த பிளாஷைக் கேமரா பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் கேமராவின் எல்லைக்குள் நிற்கும் குறைந்த வோல்ட் பிளாஷ் கேமராவுக்கு. அதிக வோல்ட் உள்ளதைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்லேவில், அதாவது முதல் பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் இதையும் அடிக்க வைக்கும் கருவியில், மாட்டுங்கள். கல்யாண மண்டபங்களில் உதவியாளர் கையில் தூக்கிப் பிடித்தாரே, அதே ஸ்லேவ்தான். பேட்டரி இல்லாத பழைய ஸ்லேவ்கள் பல, பிளாஷின் வோல்டேஜை வைத்தே வேலை செய்பவை. புது பிளாஷில் மாட்டினால் மக்கர் பண்ணும், பழையதில் ஜோராக ஓடும்.

இரண்டையும் மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒன்றின் வெளிச்சத்தைப் பார்த்து இன்னொன்று சீக்கிரமே நின்றுவிடும். அப்புறம், ஒரே மாதிரி இரண்டு பிளாஷை ஒரே இடத்திலிருந்து அடித்தால், பிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பர் இரண்டு மடங்கு ஆகாது. கிடைப்பது ஒரு ஸ்டாப்தான், அதாவது இரட்டிப்பு வெளிச்சம். 30 என்பது 42 ஆகும். 60 வேண்டுமென்றால் நான்கு பிளாஷ் வேண்டும். பழைய ட்வின் லென்ஸ் கேமராவில் எம், எக்ஸ் என்று லிவர் இருந்தால் எக்ஸில் இருக்கட்டும். எம் ஒரே தடவை எரியும் அந்தக் காலத்து பிளாஷ் பல்புக்கானது, அதில் ஷட்டர் திறப்பதற்குள் பிளாஷ் அடித்து முடிந்துவிடும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிளாஷ் அடிக்கவில்லை என்று யூடியூப் பார்த்துத் திறந்துவிடாதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். என்னிடம்தான் என்றில்லை, உங்களுக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.