மூன்றாவது கோணத்தை எதற்கு அளக்க வேண்டும்?

முக்கோணத்தில் இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது சும்மா கிடைத்துவிடும், 180இலிருந்து கழித்தால் போதும். சுவரில் சாய்த்த ஏணி தரையோடு 70 பாகை சாய்ந்திருக்கிறது, சுவரும் தரையும் சேரும் மூலை 90, ஆக மேலே ஏணிக்கும் சுவருக்கும் நடுவே 20. பாகைமானியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏற வேண்டியதில்லை.

ஆனால் ஏன் 180? தாளில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலையையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நேர்கோடு வரும் என்று பள்ளியில் செய்து காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நிரூபணம் இல்லை, கூடுதல் 179.5 ஆக இருந்தாலும் நம் கண்ணுக்கு அது நேர்கோடுதான். உண்மையான காரணம் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது. முக்கோணத்தின் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். உச்சிக்கு இடது பக்கம் அந்தக் கோட்டோடு உண்டாகும் கோணம் கீழே இடது மூலையில் இருக்கும் கோணத்துக்குச் சமம், வலது பக்கமும் அப்படியே, ஏனென்றால் அவை ஒன்றுவிட்ட கோணங்கள், அதாவது இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு குறுக்கே வெட்டும்போது அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் உண்டாகும் சமமான கோணங்கள். நடுவில் உச்சிக்கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்பிவிட்டன, நேர்கோடு என்றால் 180, முடிந்தது கதை. அந்த இணைகோட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது காலை வாரும்.

மற்ற குறுக்குவழிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். வெளிக்கோணம் எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதல். இருசமபக்க முக்கோணம் என்றால் ஒரு கோணமே போதும்: ஓட்டுக் கூரையின் உச்சி 120 என்றால் மீதி 60ஐ இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 30.

சரி, இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற கோணத்தை, அரை டன் எடையுள்ள கருவியைச் சுமந்து மலை ஏறிப்போய் யாராவது அளப்பார்களா? அளந்தார்கள். 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 100 அடிச் சங்கிலியை வைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். அதற்கே 57 நாள் ஆனது. அப்புறம் பெரும்பாலும் கோணங்கள்தான். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தைச் சைன் வாய்பாடு சொல்லிவிடும். அப்படிக் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம், அதிலிருந்து அடுத்தது. இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்தே இந்தியா முழுவதையும் அளந்த வேலை அது, எவரெஸ்டின் உயரம் கிடைத்ததும் இதே வழியில்தான்.

இங்கே இரண்டு கோணத்தை அளந்துவிட்டு மூன்றாவதைக் கழித்துக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் கோணத்தில் ஒரு பாகை தப்பு செய்திருந்தாலும் கூடுதல் அச்சுப் பிசகாமல் 180தான் வரும், ஏனென்றால் அப்படி வரும்படிதான் நாமே கழித்தோம். தப்பு மூன்றாவது கோணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு பாகை என்பது 12 கிலோமீட்டர் தள்ளி 200 மீட்டருக்கு மேல் விலகல், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு முக்கோணமும் அந்தத் தப்பைச் சுமக்கும். அதனால்தான் முக்கியமான முக்கோணங்களில் மூன்று மூலைக்கும் போய்த் தனித்தனியாக அளந்தார்கள். மூன்றாவது அளவு விடை சொல்வதற்கு இல்லை, மற்ற இரண்டையும் விசாரிப்பதற்கு.

அளந்து கூட்டிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை: சரியாக அளந்தாலும் 180 வராது, கொஞ்சம் தாண்டும்! பூமி உருண்டை, அதன் மேல் இணைகோடு என்று ஒன்றே கிடையாது, நேராகப் போகிற எந்த இரண்டு கோடும் எங்கோ சந்தித்தே தீரும். நாம் போட்ட நிரூபணத்தின் ஒற்றைத் தூண் அங்கே சரிந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டில் கால் சுற்று இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, இரண்டிலிருந்தும் வட துருவத்துக்குக் கோடு இழுத்தால் மூன்று மூலையும் 90, கூடுதல் 270. சின்ன முக்கோணத்தில் இந்த மிகை ரொம்பக் குறைவு, கிட்டத்தட்ட 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் சுமார் ஐந்தரை விகலை வர வேண்டும். அளந்த கூடுதல் 180க்கு மேல் மூன்றரை விகலைதான் என்றால், இரண்டு விகலை எங்கோ தொலைந்திருக்கிறது; எந்த மூலையில் என்று தெரியாது, எனவே எளிய வழி மூன்றுக்கும் சமமாகப் பங்கு போட்டுச் சேர்த்துவிடுவது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் பங்கு போடுவதெல்லாம் ஏமாற்று வேலை, திரும்ப மலை ஏற வேண்டியதுதான்.

ஏற மலை இல்லாத ஊரில் கோயில் கோபுரம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் லாம்டனின் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் அந்த அரை டன் கருவியை, ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி போய்க் கட்டடத்தில் மோதியது. கோணத்தைப் படிக்கும் வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே கருவிதான் கோணம் அளந்தது.